அப்பாவின் ஸ்பேனர்கள் சுவருக்கு வந்த கதை

பழைய கருவிகளைச் சுவர்க் கொக்கிகளாக மாற்றுவதைப் பற்றிப் பேசும்போது, எப்படி வளைப்பது, எங்கே துளையிடுவது என்பவற்றுக்கு முன்பாகச் சொல்ல வேண்டியது, எந்தக் கருவியைக் கொக்கியாக்கக் கூடாது என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கும் ஒரு கருவியை வளைத்துச் சுவரில் அறைவது, அதை ஆக்கியவனுக்கும் அதைப் பிடித்து உழைத்தவனுக்கும் செய்யும் அவமதிப்பு. இனி எந்த வேலைக்கும் உதவாது என்று தெளிவாகத் தெரிந்த கருவியை எடுத்து, அது தாங்க வேண்டிய எடையைக் குறையின்றித் தாங்கும் கொக்கியாக மாற்றினால், அது இன்னும் பல ஆண்டுகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்த அனுபவத்தை, அதில் நான் கற்றுக்கொண்ட தொழில் நுணுக்கங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. அவற்றில் பலவற்றில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலிருந்து வந்த இயந்திரங்கள் நெடுங்காலம் ஓடின. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அவற்றில் சில ஓடிக்கொண்டிருந்தன. அவர் மறைந்த பின் அவருடைய தகரப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. திறந்து பார்த்தபோது, ஒன்றோடொன்று துருவால் ஒட்டிக்கிடந்த ஸ்பேனர்கள், பல் தேய்ந்த அரங்கள், ஒரு கை டிரில், பிடியில்லாத சுத்தியல் தலைகள், நூல் சுற்றும் மரப் பாபின்கள், நீளக் குறடு ஒன்று, துணியில் சுற்றிய மைக்ரோமீட்டர் என்று எல்லாம் கலந்து கிடந்தன.

முதலில் அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தோம். மில்லிமீட்டர் அளவு பொறித்த ஸ்பேனர்கள், கட்டிங் பிளையர், ஹாக்ஸா பிரேம் ஆகியவற்றை எங்கள் தெருவில் பம்புசெட் பழுதுபார்க்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இன்றும் அவை அவர் கையில் வேலை செய்கின்றன. மைக்ரோமீட்டர், தூக்குக் குண்டு, ரசமட்டம் போன்ற அளவுக் கருவிகளை எண்ணெய் தடவிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அளவுக் கருவியை அலங்காரத்துக்காக வெயிலும் தூசும் படும் சுவரில் மாட்டினால் அதன் துல்லியம் போய்விடும், பிறகு அது கருவியாக இராது. மீதமிருந்த மூன்றாம் குவியல்தான் கொக்கிகளுக்கு உரியது.

அந்தக் குவியலில் பெரும்பகுதி விட்வொர்த் ஸ்பேனர்கள். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் முன்வைத்த மரை அளவுமுறையில் செய்யப்பட்ட போல்ட்டுகளுக்கானவை அவை. இன்றைய ஸ்பேனரில் 13 என்று பொறித்திருந்தால் அதன் வாய் அகலம் 13 மில்லிமீட்டர் என்று பொருள். விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று பொறித்து அருகில் டபிள்யூ எழுத்து இருந்தால், அது வாய் அகலத்தைச் சொல்லவில்லை, அந்த ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டின் தண்டு கால் அங்குலக் குறுக்களவு கொண்டது என்பதைச் சொல்கிறது. அதன் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அதை இன்றைய 13 மில்லிமீட்டர் நட்டில் போட்டு அழுத்தித் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். 1/2 என்று பொறித்த ஸ்பேனரின் வாய் சுமார் 23.4 மில்லிமீட்டர், அதற்குள் 24 மில்லிமீட்டர் நட்டு நுழையவே நுழையாது. மீட்டர் முறை இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக வந்தது. 1962-இல் கோவையில் தொடங்கப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு செய்துகொண்ட தொழில்நுட்ப உடன்பாட்டில் நூற்பு இயந்திரங்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. பழைய இங்கிலாந்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உடைத்து எடைக்குப் போடப்பட்டபோது, அவற்றுக்காகவே இருந்த ஸ்பேனர்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. உங்கள் வீட்டிலோ காயலான் கடையிலோ ஒரு ஸ்பேனர் கிடைத்தால், அதைக் கொக்கியாக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இந்தப் பொறிப்பைப் பார்த்தாலே போதும். பழைய மோட்டார் சைக்கிள்களையும் பழைய கடைசல் இயந்திரங்களையும் பராமரிப்பவர்கள் மட்டும் விட்வொர்த் ஸ்பேனர்களை இன்றும் தேடுகிறார்கள். முழு செட் நல்ல நிலையில் கிடைத்தால் அவர்களிடம் சேர்ப்பதே சரி. எங்களிடம் இருந்தவை வாய் அகன்றும் விளிம்பு சிதைந்தும் போனவை.

கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அது எப்படிக் கொக்கியாகும் என்பதை அதன் வடிவமே பெரும்பாலும் காட்டிவிடுகிறது. ரிங் ஸ்பேனரின் தலை ஏற்கெனவே கழுத்தில் வளைந்திருப்பதால், ஒரு வளையத்தின் வழியாகப் போல்ட்டைச் செலுத்திப் பலகையில் இறுக்கினால், மறுமுனை சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும். வளையத்தைவிடப் பெரிய வாஷர் ஒன்று இருந்தால் துளையிடும் வேலையே இல்லை. சாவி, இயர்போன், முகக்கவசம் போன்ற லேசான பொருள்களுக்கு அந்த விலகலே போதும். குறட்டின் இரு பிடிகளையும் விரித்து வெளிப்புறமாக வளைத்தால் அது இரட்டைக் கொக்கியாகும். எங்கள் வீட்டில் குடைகள் அதில்தான் தொங்குகின்றன. கை டிரில்லின் பற்சக்கரம் சுழலும்படி விட்டு உடலை மட்டும் பலகையில் பிணைத்தால், அதன் பக்கவாட்டுப் பிடி தொப்பி மாட்ட உதவும். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத குழந்தை எங்கள் வீட்டுக்கு இதுவரை வரவில்லை. மரப் பாபினுக்கு நெருப்பும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். அதன் நடுத்துளையின் வழியாக நீண்ட ஸ்குரூவைச் செலுத்திச் சற்று மேல்நோக்கிய சாய்வில் பலகையில் பொருத்தினால், சட்டையின் கழுத்தைச் சிதைக்காமல் தாங்கும் மிக மென்மையான கொக்கி கிடைக்கிறது. மெல்லிய துணிகளுக்கு இரும்பைவிட இதையே நான் விரும்புகிறேன்.

உளி, கதிர் அரிவாள், அரிவாள்மனை போன்ற கூர்முனைக் கருவிகளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முனையை மழுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இருட்டில் கை வைக்கும் இடத்தில் ஒரு வெட்டுக் கருவியின் உருவம் இருக்க வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரிவதில்லை.

ஸ்பேனரை எல் வடிவில் வளைத்துப் பை மாட்டும் கொக்கியாக்குவதற்குத்தான் உலோகத்தைப் பற்றிய அறிவு வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சிங்காநல்லூர்ப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். நான் ஸ்பேனர்களைக் கொண்டுபோய் வைத்து, வைஸ் என்னும் இறுக்குப் பிடியில் கடித்து வளைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றையும் பட்டடைக்கல்லில் மெல்லத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார்.

“இதெல்லாம் சூடு காட்டாம வளச்சா ஒடிஞ்சு மூஞ்சில அடிக்கும், அம்மிணி. இரும்பு என்ன சாதின்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கை வைக்கோணும்” என்றார்.

“தட்டிப் பாத்தாலே தெரிஞ்சுருமுங்களா?” என்று கேட்டேன்.

“பாதி தெரியும். மீதிக்குச் சாணைக்கல்லு இருக்குதல்ல” என்றார்.

எஃகுத் துண்டு தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். வார்ப்பிரும்பு மந்தமாக ஒலித்து உடனே அடங்கிவிடும். சாணைக்கல்லில் லேசாகத் தொட்டால், கரி மிகுந்த எஃகிலிருந்து வெளிச்சமான பொறிகள் கிளைகிளையாக வெடித்துச் சிதறும். கரி குறைந்த இரும்பில் பொறிகள் நீண்ட கோடுகளாகப் பறக்கும், வெடிப்பு குறைவு. வார்ப்பிரும்பில் அவை குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் தெரியும். வார்ப்பிரும்பில் செய்த பழைய கிளாம்ப்புகளைச் சூடாக்கினாலும் வளைக்க முடியாது, அடித்தால் உடையும். அவற்றை இருக்கும் வடிவிலேயே பயன்படுத்த வேண்டும். அரம் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இரும்பையே தேய்க்க வேண்டியிருப்பதால் அதை மிகக் கடினமாகப் பதப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கடினத்தின் மறுபக்கம் நொறுங்கும் தன்மை. அரத்தைச் சுத்தியலால் அடித்தால் சில்லுகள் கண்ணை நோக்கிப் பறக்கும். எனவே அரத்தைக் கொக்கியாக்க விரும்புபவர்கள், அதை முழுவதும் செந்தணலாகக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுவதும் மெதுவாக ஆறவிட்ட பிறகே வளைக்கவோ துளையிடவோ வேண்டும்.

ஸ்பேனர்களையும் இதேபோல் மெதுவாக ஆறவிட வேண்டும். பெரியவர் வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் உலையில் சிவக்கக் காய்ச்சி, வைஸில் பிடித்து, மறுமுனையில் ஒரு குழாயை மாட்டி ஒரே சீரான இழுப்பில் வளைத்தார். செங்கோணத்துக்கு வந்ததும் நுனியை இன்னும் சிறிது மேல்நோக்கித் திருப்பினார். தொங்கும் பட்டை நழுவாமல் இருக்க அந்த நுனித் திருப்பம் இன்றியமையாதது. வளைத்து முடித்ததும் அதைத் தண்ணீரில் போடாமல் சாம்பலில் செருகினார். சிவந்த எஃகைச் சட்டென்று நீரில் நனைத்தால் அது கடினமாகிக் கண்ணாடிபோல் உடையும் நிலைக்கு வந்துவிடும். மெதுவாக ஆறினால் மென்மையாகும், துளையிடவும் எளிதாகும். ஸ்பேனராக இருக்கும் கடினம் போய்விட்டாலும், ஒரு பையைத் தாங்குவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வலிமை அதில் மிச்சமிருக்கும்.

இன்னொன்றையும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். பளபளவென்று குரோமியம் பூசிய ஸ்பேனர்களையும் துத்தநாக முலாம் பூசிய எதையும் அவர் உலையில் வைப்பதில்லை. துத்தநாக முலாம் சூட்டில் புகையாகி வெண்ணிறத் தூளாகப் பறக்கும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல்போல் வரும். குரோமியப் பூச்சைச் சூடாக்குவதும் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கெடுதல். பழைய விட்வொர்த் ஸ்பேனர்களில் பெரும்பாலானவை பூச்சில்லாத கறுத்த எஃகாக இருந்தது எங்களுக்கு வசதியாக அமைந்தது. பூச்சுள்ளவை கிடைத்தால் வளைக்காமல், வளையத்தின் வழியாகப் போல்ட் போட்டு நேராகவே பொருத்திக்கொள்ளுங்கள்.

துரு நீக்குவதில் பலரும் அவசரப்பட்டுக் குளியலறை கழுவும் ஆசிட்டை வாங்கிவிடுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை வேகமாகத் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் அதன் ஆவி அந்த அறையிலுள்ள மற்ற இரும்புப் பொருள்களையும் துருப்பிடிக்க வைக்கும். கடினப்படுத்திய எஃகு அதனுள் கிடந்தால் ஹைட்ரஜன் வாயுவை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறவும் கூடும். நான் பயன்படுத்தியது சமையலறை வினிகரும் சிட்ரிக் ஆசிட் தூளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 50 கிராம் தூள் போட்டுக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஸ்பேனர்கள் முழுவதும் மூழ்கும்படி ஊற வைத்தால், லேசான துரு சில மணி நேரத்திலும் கெட்டியான துரு ஓர் இரவிலும் கம்பி பிரஷ்ஷுக்கு இளகிவிடும். நாள்கணக்கில் ஊறவிடக் கூடாது. துரு தீர்ந்த பிறகு அமிலம் நல்ல உலோகத்தைத் தின்னத் தொடங்கி, மேற்பரப்பைச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக்கிவிடும். புளிக்கரைசலும் வேலை செய்யும், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் பித்தளைப் பாத்திரத்தை மின்ன வைக்கிறது. ஆனால் இரும்பின் கெட்டித் துருவுக்கு அது மிகவும் மெதுவாக இருக்கிறது, பிசுக்கைக் கழுவி எடுப்பதும் தனி வேலை.

வாளியிலிருந்து எடுத்தவுடன் செய்ய வேண்டியதுதான் முக்கியம். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசினால் ஒட்டியிருக்கும் அமிலம் செயலிழக்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் வைத்து, கை பொறுக்கும் சூட்டோடு இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். ஈரத்தோடு அரை மணி நேரம் விட்டாலே செம்பழுப்பு நிறத்தில் புதுத் துரு படர்ந்துவிடும். மரப்பிடி உள்ள கருவிகளை அமிலத்தில் முக்கக் கூடாது. அவற்றின் இரும்புப் பகுதியை மட்டும் வினிகரில் நனைத்த துணியால் சுற்றிவைத்துத் துடைக்கலாம்.

எவ்வளவு தேய்ப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செந்துருவை மட்டும் நீக்கி, அதற்கடியில் இருக்கும் கருமையை விட்டுவிட வேண்டும். அந்தக் கருமையும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் செந்துருபோல் உதிர்ந்து உள்ளே பரவுவதில்லை, உலோகத்தோடு ஒட்டியே நிற்கிறது. ஆலையில் கருவிகள் கைமாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு ஃபிட்டரும் தன் ஸ்பேனரில் பஞ்ச் என்னும் கூர்முனை எஃகுக் கோலால் புள்ளிகள் அடித்து அடையாளம் வைத்திருப்பார். அப்பாவின் அடையாளம் ஒரு முக்கோணமாக அமைந்த புள்ளிகள். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டிப் பளபளப்பாக்கியிருந்தால் அவை மங்கியிருக்கும். கையால் பிரஷ் போட்டதால் அவை தெளிவாக எழுந்து வந்தன. பெயிண்ட் பூசிய பழைய கருவியாக இருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய இந்திய விதி 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம் என்றே கருத வேண்டும். ஈரமாக்கித் தேய்த்தால் தூசு பறக்காது. கழிவைத் துணியில் சேர்த்துத் தனியே கட்டிப் போட வேண்டும்.

மேற்பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எங்கள் அம்மா கேட்டார். தேங்காய் எண்ணெய் எவ்வளவு நாளானாலும் உலர்ந்து படலமாவதில்லை. பிசுக்காக நின்று தூசைப் பிடித்துக்கொண்டு, மாட்டும் துணியில் கறையை ஏற்றும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வாயுவோடு சேர்ந்து இறுகும் வகையைச் சேர்ந்தது. அதை மிக மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்து, சில நாள் உலரவிட்டு, மறுபடியும் ஒரு முறை தடவினால் உறுதியான படலம் அமைகிறது. ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. இறுகும்போது வெளியாகும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் சேர்ந்து, அது தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். துணியை வெளியே விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்த வேண்டும். பட்டறையில் வளைத்தவற்றுக்குப் பெரியவரே தேன்மெழுகு பூசிக் கொடுத்தார். சிவப்பு அடங்கிக் கறுத்த பின்னும் சூடு மிச்சமிருக்கும் நிலையில் மெழுகைத் தேய்த்தால் அது உருகிப் பரவி அழகான கருநிறம் தருகிறது. கோவையின் காற்றுக்கு இவை போதும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றிலும் குளியலறை ஈரத்திலும் மெழுகு நிற்காது, அங்கே துருத்தடுப்புப் பூச்சோடு பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. ஈரத் துண்டை வெற்று இரும்பில் மாட்டினால் ஒரே இரவில் துருக்கறை பிடித்துவிடும் என்பதால், நான் குளியலறைக்கு மரப் பாபின்களை மட்டுமே வைத்தேன்.

கொக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும், அது நிற்பது சுவரின் தயவில்தான். பெரும்பாலான கொக்கிகள் விழுவதற்குக் காரணம் கொக்கி உடைவதில்லை, மேல் ஸ்குரூ சுவரிலிருந்து பிடுங்கிக்கொள்வதுதான். கணக்கு எளிது. கொக்கி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் 5 கிலோ எடையுள்ள பள்ளிப்பை தொங்குகிறது என்று கொள்வோம். கொக்கியின் அடிவிளிம்பு சுவரில் ஊன்றி நிற்க, மேல் ஸ்குரூ அந்த விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டும் இருந்தால், அந்த ஸ்குரூவை வெளியே இழுக்கும் விசை 10 கிலோ எடைக்குச் சமம். அதாவது தொங்குவதைப்போல் இரு மடங்கு. அதே கொக்கியை ஒரு பலகையில் பொருத்தினால், பலகையின் கனத்தையும் சேர்த்து நீட்டம் 12 சென்டிமீட்டர் ஆகும். பலகையின் அடிவிளிம்பிலிருந்து மேல் ஸ்குரூக்கள் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் இழுவிசை 4 கிலோவாகக் குறைகிறது, அதையும் மேல் வரிசையிலுள்ள ஸ்குரூக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. பிள்ளைகள் பையைக் கழற்றாமல் இழுக்கும்போதும், தோளிலிருந்து வீசி மாட்டும்போதும் விசை பல மடங்காகும் என்பதால் இந்தக் கணக்குக்கு மேலே தாராளமாக இடம் விட வேண்டும். எனவே நான் எந்தக் கருவியையும் நேராகச் சுவரில் அறையவில்லை. ஊரில் பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்குக் கதவின் பலகையை அறுத்து, கொக்கிகளைப் பின்பக்கத்திலிருந்து போல்ட் போட்டு முதலில் அதில் இறுக்கி, பிறகு பலகையைச் சுவரில் பொருத்தினேன். போல்ட்டின் தலை பலகைக்குள் அமிழும்படி பின்பக்கத்தில் குழி எடுத்தால்தான் பலகை சுவரோடு படியும்.

எஃகில் துளையிடும்போது முதலில் பஞ்ச் கோலால் ஒரு புள்ளி அடித்து, 3 மில்லிமீட்டர் பிட்டால் தொடங்கி, பிறகு தேவையான அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் பிட்டின் முனை சூடேறி மழுங்கும், அடியிலுள்ள எஃகும் கடினமாகிவிடும். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருபோதும் துளைக்கக் கூடாது. பிட் சிக்கிக்கொண்டால் ஸ்பேனர் விசிறிபோல் சுழன்று விரலை முறிக்கும். வைஸில் இறுக்கிய பிறகே டிரில்லைத் தொட வேண்டும், கண்ணாடி அணியாமல் தொடவே கூடாது.

சுவரில் துளையிடும் முன் அது எதனால் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். செங்கல் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அந்தப் பூச்சுக்குத் தாங்கும் வலு இல்லை, ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுமையாக உட்கார வேண்டும். துளைக்கும்போது வெளிவரும் தூள் சாம்பல் நிறத்திலிருந்து சிவப்பாக மாறும் இடம்தான் செங்கல் தொடங்கும் இடம். ஆழம் போன பிறகும் சாம்பல் நிறமாகவே வந்தால் நீங்கள் இரு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் நிற்கிறீர்கள், அல்லது அது கான்கிரீட் தூண். சாந்து என்றால் துளையைச் சற்று மேலோ கீழோ மாற்றிக்கொள்வது நல்லது. நான் 8 மில்லிமீட்டர் பிளக்கும், பலகையின் கனத்தையும் பூச்சின் கனத்தையும் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 40 மில்லிமீட்டர் செல்லும் ஸ்குரூவும் பயன்படுத்தினேன். துளைக்குள் தூள் நின்றால் பிளக் விரியாது, ஊதி வெளியேற்றிவிட வேண்டும். இப்போது அடுக்குமாடிகளில் பயன்படும் இலகுவான வெள்ளைக் கற்களில் டிரில்லின் சுத்தியல் அசைவை நிறுத்திவிட்டுச் சாதாரணச் சுழற்சியில் துளைத்து, அவற்றுக்கென்றே விற்கும் அகல மரையுள்ள நைலான் பிளக்குகளைப் போட வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் பொலபொலவென்று உதிரும். அங்கே பலகையை நீளமாக்கி ஸ்குரூக்களைப் பரப்புவதே பாதுகாப்பு. ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும், தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலும் துளையிடவே வேண்டாம், சுவருக்குள் கம்பியும் குழாயும் அந்தப் பாதையில்தான் ஓடும்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நுனி யாருடைய கண் மட்டத்திலும் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கான கொக்கிகளைத் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் வைத்தோம். பிள்ளைகளுக்கானவற்றில் ஸ்பேனரை வளைக்காமல் பாபின்களைப் போட்டோம். எல்லா நுனிகளையும் அரத்தால் உருட்டி, விரலால் தடவி, பிறகு ஒரு பழைய பட்டுத் துணியை இழுத்துப் பார்த்தேன். நூல் மாட்டினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது என்று பொருள்.

அம்மாவுக்கு இந்த யோசனையே முதலில் பிடிக்கவில்லை. ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்ட சாமான்களில் அழுக்குத் துணியையும் துடைப்பத்தையும் மாட்டுவதா என்று கேட்டார். “சாவி, குடை, புத்தகப் பை இத மட்டும் மாட்டு, கண்ணு. வேற எதுவும் வேண்டாம்” என்று அவர் வகுத்ததையே நாங்கள் விதியாக வைத்துக்கொண்டோம். அவர் சொன்னதில் மரியாதையோடு நடைமுறை அறிவும் இருக்கிறது. ஈரத் துடைப்பமும் வியர்வைத் துணியும்தான் இரும்பை விரைவாகக் கெடுப்பவை.

ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு முதல் நாள் பலகைகளைக் கழற்றி இறக்குவது வழக்கமாகிவிட்டது. கொக்கிகளை உலர்ந்த துணியால் துடைத்து, செம்புள்ளி தென்பட்ட இடத்தில் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, மெழுகு பூசி, பின்பக்கப் போல்ட்டுகளை இறுக்கி, பிறகு பொட்டு வைத்து மாட்டுகிறோம். சுவர்ப் பிளக்கையும் அப்போதே சோதிக்கலாம். ஸ்குரூவைத் திருகும்போது பிளக்கும் சேர்ந்து சுற்றினால் அந்தத் துளை தளர்ந்துவிட்டது. தீக்குச்சியை உடைத்துச் செருகிச் சமாளிப்பது சில வாரங்களுக்குத்தான் நிற்கும். பழைய பிளக்கை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, துளையை 10 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கிப் பெரிய பிளக்கும் அதற்கேற்ற ஸ்குரூவும் போடலாம். துளையின் வாய் சிதைந்திருந்தால், நனைத்துவிட்டுச் சிமெண்ட் கலவையால் அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுகவிட்டு, பக்கத்தில் நான்கு விரற்கடை தள்ளிப் புதுத் துளை போடுவதே நல்லது. அந்த ஒரு வாரமும் பைகள் நாற்காலியில் கிடக்கட்டும்.